அறைகள் நிரம்பிவிட்டன

காட்டு விடுதி ஒன்றில் ஓர் இரவு தங்குவதற்காக ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்தோம் என்று சொன்னால் திருமானூரில் எவரும் நம்புவதில்லை. கொள்ளிடக் கரையில் இருக்கும் எங்களூரில் விருந்தினர் வருகை பெரும்பாலும் முன்னறிவிப்பின்றியே நிகழும். மாலைப் பேருந்தில் இறங்கி, "சும்மாதான் வந்தேன்" என்றபடி திண்ணையில் உட்காருபவருக்காக உலையில் ஒரு பிடி அரிசியைக் கூடுதலாகப் போடுவது வழக்கம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து முதுமலைக்குப் போக நினைத்தபோதுதான், ஓர் இரவு உறங்குவதற்கான இடத்தைப் பல மாதங்களுக்கு முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டிய உலகமும் இருப்பதை அறிந்தோம். அந்த அனுபவத்தில் எங்கள் பக்கம் ஒரு தவறும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத இயலாது.

முதுமலை என்ற ஆசை எங்களுடையதன்று, அப்பாவுடையது. அவர் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். லஸ்கர் என்றால் வாய்க்காலைக் காப்பவர் என்று சுருக்கமாகச் சொல்லலாம். மதகைத் திறப்பதும் அடைப்பதும், கரை உடையாமல் இரவில் கைவிளக்கோடு நடப்பதும், அளவுகோலில் நீர்மட்டம் பார்த்துக் குறித்துவைப்பதும் அவருடைய வேலை. புள்ளம்பாடி வாய்க்காலில் அவர் நடந்த தூரத்தைக் கூட்டினால் இமயம்வரை போய்த் திரும்பியிருக்கலாம் என்று அம்மா சொல்வதுண்டு. ஓய்வு பெற்ற பிறகும் ஒரு சிறிய டைரியில் மேட்டூர் நீர்மட்டத்தைத் தினமும் எழுதிவருகிறார். வேறெதையும் அதில் அவர் எழுதியதாகத் தெரியவில்லை.

2023 மார்ச்சில் தெப்பக்காடு யானைகள் முகாமைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் விருது பெற்றது. தொலைக்காட்சியில் அந்த முகாமையும் அருகில் ஓடும் ஆற்றையும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நாங்கள் யானைக் குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது மாயாறுதானே தம்பி?"

"ஆமாங்கப்பா."

"அது பவானிசாகருக்கு வரும். அங்கேருந்து பவானி, கூடுதுறையில காவேரி. அந்தத் தண்ணியும் சேந்துதான் நமக்கு வருது. ஒருதரம் மேலே போய்ப் பாக்கணும்."

தமிழ் இலக்கியம் பயின்று, ஐந்திணைகளை இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் நடத்திவரும் எங்களுக்கு அதுவரை தோன்றாத தொடர்பு அது. முதுமலையின் ஊடே ஓடும் மாயாறு பவானிசாகர் அணையில் தேங்கி, அங்கிருந்து பவானியாகி, கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. மேட்டூருக்குக் கீழே கலக்கும் நீர் அது. அந்தக் காவிரியின் இடக்கரையில், முக்கொம்புக்கு அருகே வாத்தலையில் புள்ளம்பாடி வாய்க்கால் தலைப்பெடுக்கிறது. பிறகு கிழக்கே வந்து வழிநெடுக ஏரிகளை நிரப்பி, எங்கள் வட்டாரத்துக் கண்டராதித்தம் ஏரிக்கும் கரைவெட்டி ஏரிக்கும் நீர் தருகிறது. குறிஞ்சியையும் முல்லையையும் வரிசை மாறாமல் கரும்பலகையில் எழுதிக்காட்டிய எங்களுக்கு, குறிஞ்சியின் நீர் மருதத்தின் மதகை வந்தடைவதை ஒரு லஸ்கர் சொல்லவேண்டியிருந்தது.

அந்த ஆண்டின் டிசம்பர் விடுமுறைக்கு முதுமலை என்று முடிவாயிற்று. அறை தேடத் தொடங்கியபோதுதான் உண்மை நிலை புரிந்தது. தெப்பக்காட்டிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வனத்துறைக்கு இருக்கும் விடுதிகள் சில. அவற்றில் உள்ள அறைகளை ஒரு வகுப்பறையின் வருகைப் பதிவேட்டில் அடக்கிவிடலாம். கிறிஸ்துமஸ் முதல் பொங்கல் வரையிலான நாள்களைக் கேட்பவர்களோ மாநிலம் முழுவதும் இருக்கிறார்கள். ஆற்றின் மறுகரைக்குச் சற்று அப்பால் கர்நாடகம், கூடலூர் வழியே சென்றால் கேரளம் என்பதால் அந்த மாநிலத்தவரும் சேர்ந்துகொள்கிறார்கள். இணையப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் ஒரே வாசகம்: அறைகள் நிரம்பிவிட்டன.

பல நாள் முயற்சிக்குப் பிறகு ஒரு மாலையில் முதுமலையில் ஓர் அறை கிடைத்தது. அந்த மகிழ்ச்சியின் ஊடே ஒரு பயமும் நுழைந்தது. ஏதாவது காரணத்தால் இது தவறிவிட்டால்? அதே இரவுக்கு ஆனைமலை டாப்ஸ்லிப்பிலும் ஓர் அறை இருப்பதாகக் காட்டியது. அதையும் எடுத்து வைத்தோம். இரண்டில் ஒன்றைப் பிறகு விட்டுவிடலாம் என்பது அப்போதைய எண்ணம். எங்களைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களுக்கு இது விவேகம் என்றே தோன்றும். இரண்டு உறுதிச்சீட்டுகளையும் அச்சிட்டு அலமாரியின் உட்கதவில் ஒட்டிவைத்தோம்.

புறப்பட இரண்டு வாரம் இருக்கையில் அப்பா கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை. அந்த நாள்களில் வேறெதுவும் நினைவில் இல்லை. கட்டிலில் கிடந்தபடி அவர்தான் ஒருமுறை கேட்டார்: "எடுத்த ரூமு என்னாச்சு?" "அது கிடக்கட்டும்ப்பா, நம்ம பணம்தானே" என்றோம்.

அகத்திணையில் 'செலவழுங்குதல்' என்றொரு துறை உண்டு. பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் பயணத்தை நிறுத்திவைப்பது அது. அதைப் போகாமலே இருந்துவிடுதல் என்று தொல்காப்பியம் கொள்வதில்லை. வருந்தி நிற்பவளைத் தேற்றுவதற்காகச் செய்யும் தாமதம் என்றே கொள்கிறது. அப்பாவுக்கும் அந்த விளக்கத்தைத்தான் சொன்னோம். பயணம் நின்றுவிடவில்லை, தாமதிக்கிறது, அவ்வளவுதான் என்று. அவர் சிரித்தார். ஆனால் தலைவன் நிறுத்திவைத்த பயணத்தால் பாலை வழியில் எவருக்கும் இடம் மறுக்கப்படவில்லை. நாங்கள் அந்த இரண்டு அறைகளையும் ரத்துசெய்யவில்லை. முதுமலை அறை நினைவுக்கு வந்தபோது நாள் கடந்துவிட்டது. டாப்ஸ்லிப் அறையோ நினைவுக்கே வரவில்லை. டிசம்பர் மாதத்தின் ஒரே இரவில், இரண்டு காடுகளில், எங்கள் பெயரில் இரண்டு அறைகள் பூட்டிக் கிடந்திருக்கின்றன. அப்போது அது எங்களுக்கு ஒரு சிறிய பணநஷ்டமாக மட்டுமே தெரிந்தது.

அப்பா ஊன்றுகோலோடு நடக்கப் பழகிய மாதங்களில், இவ்வளவு பேர் விரும்பும் இடத்தில் ஏன் இவ்வளவு குறைவான அறைகள் என்ற கேள்வி எங்களுக்கு எழுந்தது. கூடுதலாக நாலு கட்டடம் கட்டினால் என்ன என்று வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவரும் கேட்டார். கட்டக்கூடாது என்பதே விடை. முதுமலை 1940இல் சரணாலயமானது. 2007இல் புலிகள் காப்பகமானது. காப்பகத்தின் மையப் பகுதி 321 சதுர கிலோமீட்டர்தான். 2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நாடெங்கும் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளில் சுற்றுலாவை இடைக்காலமாகத் தடைசெய்தது. வழிகாட்டு நெறிகள் வகுக்கப்பட்ட பிறகு அவ்வாண்டு அக்டோபரில் அத்தடை நீங்கியது. மையப் பகுதியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுற்றுலாவுக்கு விடக்கூடாது, புதிய கட்டடங்கள் எழக்கூடாது என்பவை அந்நெறிகளுள் அடங்கும். முதுமலைக்குக் கிழக்கே சீகூர்ச் சமவெளியில் யானைகளின் வழித்தடத்தில் எழுந்த தனியார் விடுதிகள் அகற்றப்பட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. யானையின் பாதையில் வைக்கும் ஒவ்வொரு கட்டிலும் யானையைச் சுற்றிப்போகச் சொல்வதாகும். சுற்றிப்போகும் யானை எவருடைய வாழைத்தோட்டத்துக்குள் நுழையும் என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

ஆகவே அறைகள் குறைவாக இருப்பது சரி. குறைவானதை எப்படிப் பங்கிடுவது என்பதுதான் சிக்கல். உலகெங்கும் இதற்குக் காலத்தையே அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்கா விடுதிகளில் 366 நாள்களுக்கு முன்பே அறைகளுக்குப் பதிவு தொடங்கிவிடுகிறது. தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் 11 மாதங்களுக்கு முன்பு. முதலில் வருபவருக்கு முதலிடம் என்பது கேட்பதற்கு நீதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த ஆண்டு இதே நாளில் தமக்கு விடுப்பு கிடைக்கும் என்று இன்றே சொல்லக்கூடியவர் யார்? கையில் நாள்காட்டியும் நிலையான வருமானமும் உள்ளவர்தான். பணத்தால் வரிசையில் முந்துவதை எல்லோரும் குறை சொல்கிறோம். நிச்சயத்தால் முந்துவதை நாங்கள் அதுவரை குறையாகவே கருதியதில்லை, ஏனெனில் அந்த நிச்சயம் எங்களிடம் இருந்தது.

எங்கள் மாணவர்களில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். அரியலூர் வட்டாரத்துச் சிமெண்ட் ஆலைகளிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் ஒப்பந்த வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகள் அவர்களில் உண்டு. குறிஞ்சித்திணை நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், மலைக்காட்டில் ஓர் இரவு தங்குவதற்கு என்ன செய்யவேண்டும் என்று ஒரு மாணவி கேட்டார். மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பே பதிவுசெய்ய வேண்டும் என்றோம். "எங்கப்பாவுக்கு அடுத்த வாரம் எந்த ஷிப்ட்னே தெரியாதுங்க ஐயா" என்றார். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அந்தக் காட்டின் கட்டணம் அவர்களுக்கு எட்டாத தொகை என்று சொல்லமுடியாது. நாலு மாதத்துக்கு அப்பால் ஒரு நாளை விரல் வைத்துக் காட்டுவதுதான் அவர்களுக்கு எட்டவில்லை.

அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் பேன்டம் ராஞ்ச் என்ற சிறிய விடுதி இருக்கிறது. அங்கே தங்குவோரை 15 மாதங்களுக்கு முன்பே குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கிறார்கள். விரைவாக விசைப்பலகையைத் தட்டியவருக்கு அங்கே முன்னுரிமை இல்லை. இதைப் படித்தபோது உத்திரமேரூர் நினைவுக்கு வந்தது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடத்தில் ஓலை இட்டு வாரிய உறுப்பினரைத் தேர்ந்த முறையை விவரிக்கின்றன. தகுதியுள்ளோர் பலர், இடங்கள் சில என்ற நிலையில் குடத்தை நம்புவது ஒருவகை நேர்மை. அதிலும் ஒரு நிபந்தனை இருந்தது. வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் உடையவர் பெயர்தான் ஓலையில் ஏறும். இன்றைய குலுக்கலிலும் 15 மாதத்துக்கு அப்பால் தன் வாழ்க்கையைத் திட்டமிட முடிந்தவர் பெயர்தான் குடத்தில் விழுகிறது.

2024 கோடையில் அப்பா ஊன்றுகோலோடு தெருமுனைவரை போய்வரத் தொடங்கினார். அக்டோபரில் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமையும் விஜயதசமி சனிக்கிழமையும் வந்தன. ஞாயிறோடு சேர்த்து மூன்று நாள். இம்முறை ஓர் அறைதான் என்று உறுதிகொண்டோம். கிடைத்தது. வெள்ளி மாலை தஞ்சாவூரில் கோவை ஜன சதாப்தியில் ஏறுவதென்று திட்டம். அப்போது ரயிலில் 120 நாள்களுக்கு முன்பே பதிவுசெய்யலாம். அதே ஆண்டு நவம்பர் 1 முதல்தான் அது 60 நாளாகக் குறைக்கப்பட்டது. அக்டோபர் 11ஆம் தேதிப் பயணத்துக்கு 120 நாளைக் கணக்கிட்டால் ஜூன் 13. காலை எட்டு மணிக்குப் பயணச்சீட்டு கிடைத்துவிட்டது. அப்பாவிடம் சொன்னபோது அவர் டைரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து ஜூன் பன்னெண்டு. மேட்டூர் தொறக்கல தம்பி. தண்ணிக்கே தேதி நிக்கல. நீங்க நாலு மாசம் கழிச்சு ரயிலுக்கு நாள் குறிச்சிட்டீங்க."

டெல்டாவில் பிறந்த எவருக்கும் ஜூன் 12 என்ன நாள் என்று சொல்லவேண்டியதில்லை. 1934இல் அணை கட்டி முடிக்கப்பட்ட பின் எங்கள் ஆண்டு அந்த நாளில்தான் தொடங்குகிறது. நாற்றங்காலும் நகைக்கடனும் கல்யாணமும் அந்தத் தேதியை ஒட்டியே திட்டமிடப்படுகின்றன. எங்களுக்கும் ஒரு முன்பதிவு உண்டு என்று சொல்லலாம், ஆனால் அதை உறுதிசெய்யும் சீட்டு எவரிடமும் இல்லை. முந்தைய 2023இல் தேதி தவறாமல் திறந்த அணையை, நீர் இல்லாமல் அக்டோபர் 10ஆம் தேதியே மூடவேண்டி வந்தது. 2024இல் ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தார்கள். அதற்குப் பின் இரண்டே நாளில் அணை 120 அடியை எட்டியது. அந்த எண்ணை அப்பா தம் டைரியில் இருமுறை அடிக்கோடிட்டிருக்கிறார்.

அக்டோபர் 12 பிற்பகல் தெப்பக்காட்டை அடைந்தோம். நீலகிரிக்குள் நுழைய அவ்வாண்டு மே 7 முதல் இ-பாஸ் நடைமுறைக்கு வந்திருந்ததால் வாடகை வண்டிக்காரர் அதையும் முன்பே எடுத்து வைத்திருந்தார். ஆக, கையில் மூன்று அனுமதிகள்: ரயிலுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று. அப்பா நேரே ஆற்றங்கரைக்குப் போகவேண்டும் என்றார். பாலத்துக்கு அருகே, அனுமதிக்கப்பட்ட இடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். மழைக்காலத்து மாயாறு பழுப்பு நிறத்தில் பாறைகளைச் சுற்றிக்கொண்டு போயிற்று. வெகுநேரம் பார்த்தார். கன அடிக் கணக்கு ஒன்றைத் தமக்குள் போட்டுக்கொண்டிருந்தார் என்பது உதட்டசைவில் தெரிந்தது.

"ஷட்டரு இல்லாத தண்ணி" என்றார் கடைசியில். "நான் பாத்ததெல்லாம் யாராவது தொறந்து விட்டதுதான்."

எதிர்க்கரையில் புள்ளிமான் கூட்டம் ஒன்று வந்து நீர் குடித்தது. முகாமில் யானைகளுக்குக் கேழ்வரகுக் களியுருண்டை ஊட்டுவதையும் பார்த்தோம். புலி வரவில்லை. அதற்காக எவரும் வருந்தவில்லை. அப்பா அன்று மாலை முழுவதும் ஆற்றின் பக்கமே முகம் வைத்திருந்தார்.

இருட்டத் தொடங்கியபோது வேன் ஒன்று விடுதியின் முன்னால் வந்து நின்றது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு முதியவள். பேச்சு ஈரோட்டுப் பக்கமாகத் தெரிந்தது. அறை ஏதேனும் உண்டா என்று கேட்டார்கள். எல்லாம் நிரம்பிவிட்டன என்று பணியாளர் பதமாகச் சொன்னார். முதியவளுக்குக் கழிப்பறையைத் திறந்துவிட்டார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். இருட்டிய பிறகு வழியில் எங்கும் நிறுத்தாதீர்கள் என்று எச்சரித்து, மசினகுடிக்குப் போகும் சாலையைக் காட்டினார். பந்திப்பூர் வழியே மைசூர் போகும் சாலை இரவு ஒன்பது மணிக்கு அடைக்கப்பட்டுவிடும் என்பதையும் சொன்னார். வேன் திரும்பிச் சென்றது. பின் கண்ணாடியில் ஒரு பிள்ளையின் முகம் எங்கள் விளக்கையே பார்த்தபடி போயிற்று.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கவனித்தோம். எங்களுக்கு அடுத்த அறையில் விளக்கு இல்லை. வெளியே பூட்டு தொங்கியது.

"பக்கத்து ரூமுக்காரங்க இன்னும் வரலையா?"

"வரமாட்டாங்க சார். இந்நேரத்துக்கு மேல யாரும் வரமுடியாது. பணம் கட்டிட்டாங்க, ரத்து பண்ணல. நாளைக்குக் காலைவரை அவங்க ரூமுதான். நாங்க தொறக்க முடியாது."

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பாத்திரங்களை எடுத்துச் சென்றார். அவர் செய்தது முறைப்படி சரி. பதிவுசெய்தவர் நள்ளிரவில் வந்து நின்றால் அவர்தான் பதில் சொல்லவேண்டும். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பேசவேண்டியிருக்கவில்லை. முந்தைய டிசம்பரில் இதே காட்டில், ஒருவேளை இதே வரிசையில், எங்கள் பெயர் எழுதிய பூட்டு ஒன்று இப்படித் தொங்கியிருக்கிறது. ஆனைமலையிலும் அதே இரவில் மற்றொன்று. அன்றும் யாரோ வந்து கேட்டிருக்கலாம், 'அறைகள் நிரம்பிவிட்டன' என்று பதில் பெற்றுத் திரும்பியிருக்கலாம். 'நம்ம பணம்தானே' என்று சொன்னோம். பணம் எங்களுடையதுதான். அந்த இரவு எங்களுடையதன்று. காட்டைக் காப்பதற்காகக் குறைத்து வைத்திருக்கும் அறைகளில் ஒன்றை, காட்டுக்கும் பயனின்றி மனிதருக்கும் பயனின்றிப் பூட்டி வைத்தோம்.

பக்கத்து அறைக்காரரைக் குறைகூற மனம் வரவில்லை. அவர் வீட்டிலும் யாரோ வழுக்கி விழுந்திருக்கக்கூடும். வராமல்போனதை எவரும் குற்றம் என்று சொல்லமாட்டார்கள். வரமுடியாது என்று தெரிந்த பிறகும் விட்டுக்கொடுக்காமல் இருந்த அந்த இரண்டு வாரங்களுக்கு மட்டும் எங்களிடம் பதில் இல்லை. மருத்துவமனையின் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது கையில் கைபேசி இருந்தது. உறவினர் அனைவருக்கும் அதில்தான் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை அப்பாவிடம் இதைச் சொன்னோம். அவர் வியப்படையவில்லை.

"மொறைத் தண்ணி மாதிரிதான் தம்பி. தன் மொறை வந்து, பாய்ச்ச முடியலன்னா அடுத்தவனுக்குச் சொல்லிடணும். சொல்லாம மடையைத் தொறந்து வச்சுட்டு வீட்டுல படுத்துட்டான்னா தண்ணி வடிகால்ல போயிடும். ராத்திரியில நான் போட்ட சண்டையெல்லாம் அதுக்குத்தான்."

நீர் குறைந்த காலத்தில் வாய்க்கால் நீரை வயலுக்கு வயல் முறைவைத்துப் பாய்ச்சும் ஏற்பாடு அது. எழுத்தில் இல்லாத விதி. கடைமடைக்காரன் தன் முறைக்காக இரவெல்லாம் விழித்திருப்பான். தலைமடைக்காரன் தேவையில்லாதபோதும் மடையை மூட மறப்பான். அறையைப் பதிவுசெய்யும் வரிசையில் நாங்கள் தலைமடைக்காரர்கள் என்பது மாயாற்றங்கரையில் புரிந்தது.

2025 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த மாணவியையும் அவருடைய வகுப்பையும் அழைத்துக்கொண்டு கரைவெட்டிக்குப் போனோம். அப்பாவும் வந்தார். திருமானூரிலிருந்து அதிகத் தொலைவில்லை. போவதற்கு ஒரு பேருந்தும், கையில் புளிச்சோறும் போதும். மாணவியின் தந்தைக்கு அன்று காலை ஷிப்ட் இல்லை என்பது முந்தைய நாள்தான் தெரிந்ததாம். அவரும் இரு சக்கர வண்டியில் வந்து சேர்ந்தார். 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்த ஏரி, ஏறத்தாழ 454 ஹெக்டேர் பரப்புடையது. 2024 ஜனவரி இறுதியில் இது ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. அதே அறிவிப்பில் நீலகிரியின் லாங்வுட் சோலையும் இடம்பெற்றது. மலைமேல் ஒரு சோலை, கடைமடையில் ஓர் ஏரி. இரண்டையும் ஒரே வரியில் படித்தபோது அப்பாவின் நீர்வழிக் கணக்குதான் நினைவுக்கு வந்தது.

நடு ஆசியாவிலும் திபெத்தியப் பீடபூமியிலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, இமயத்தைக் கடந்துவரும் வரித்தலை வாத்துகள் ஒரு கூட்டமாக நீரின் நடுவே மிதந்துகொண்டிருந்தன. அவை தேதி பார்த்து வருவதில்லை. குளிர் தொடங்கினால் புறப்படுகின்றன. ஏரியில் நீர் இருந்தால் தங்குகின்றன, இல்லையேல் வேறிடம் போகின்றன. முல்லைத்திணைத் தலைவனும் திரும்பிவரும் நாளைக் குறிப்பதில்லை, கார்காலம் என்று பருவத்தைத்தான் குறிக்கிறான் என்று மாணவர்களிடம் சொன்னோம். பாடத்தில் படித்ததை வெளியில் கண்டதால் சிலர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். அப்பா கரைமேல் நின்று மதகைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெப்பக்காட்டுத் தண்ணியும் இதுல கொஞ்சம் கெடக்கும்" என்று மாணவியின் தந்தையிடம் சொல்வது கேட்டது. அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அப்பா ஊன்றுகோலால் மண்ணில் வரைபடம் போட்டு விளக்கத் தொடங்கினார்.

2025இல் மேட்டூர் ஜூன் 12ஆம் தேதியே திறந்தது. ஆயுத பூஜை விடுமுறைக்கு டாப்ஸ்லிப் போகலாம் என்று அப்பாவே சொன்னார். வெட்டிய தேக்கு மரங்களை மலைச்சரிவில் உருட்டிவிட்ட இடமாதலால் அதற்கு அந்தப் பெயர். வெட்டி முடித்த காட்டை வெள்ளைக்கார வன அலுவலர் ஹியூகோ வுட் மீண்டும் வளர்த்தார். அவரது கல்லறையும் அங்கே இருக்கிறது. நாங்கள் பூட்டிவைத்த இரண்டாவது அறை இருந்த ஊர் என்பதால் எங்களுக்கும் அங்கே போகவேண்டியிருந்தது. பல வாரங்களுக்கு முன்பே ஓர் அறை, ஒன்றே ஒன்று, பதிவுசெய்தோம்.

செப்டம்பர் நடுவில் எங்களில் ஒருவருக்கு அதே நாள்களில் தவிர்க்கமுடியாத தேர்வுப் பணி வந்துவிட்டது. செய்தி வந்தது பிற்பகல் மூன்று மணிக்கு. மாறுதல் கேட்டுப் பார்க்கலாமா, இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாமா என்று ஒரு நப்பாசை எழுந்தது. பொறுத்திருக்கவில்லை. அன்று மாலையே ரத்துசெய்தோம். அலமாரிக் கதவில் இருந்த தாளையும் கிழித்தெடுத்தோம். பிடித்தம் போகத் திரும்பி வரும் தொகையைப் பற்றி அப்பா கேட்கவில்லை. "வுட்டாச்சா?" என்று மட்டும் கேட்டார்.

காப்பி குடித்துவிட்டு வந்து, ஓர் ஆவலில் அதே பக்கத்தை மீண்டும் திறந்து பார்த்தோம். நாங்கள் விட்ட அந்த இரவில் மறுபடியும் அதே வாசகம் வந்திருந்தது: அறைகள் நிரம்பிவிட்டன. எடுத்தவர் எந்த ஊரோ தெரியாது. அப்பாவிடம் சொன்னோம். தலையசைத்துவிட்டு, மேட்டூர் நீர்மட்டம் எழுதுவதற்காக டைரியைத் திறந்தார்.